வாக்குச்சாவடி அலுவலர் 2: சாயங்காலம் கணக்கு இடித்தால் யார் பொறுப்பு?

நீங்கள் கேட்டது இது. கோபி பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் இடைநிலை ஆசிரியை; முதல் தடவையாகத் தேர்தல் பணி ஆணை வந்திருக்கிறது; அதில் 'வாக்குச்சாவடி அலுவலர் 2' என்று போட்டிருக்கிறது. பூத்துக்குள் உட்காரும் நாலு பேரில் யாருக்கு என்ன வேலை, ஏதாவது தப்பாகிவிட்டால் ஜெயில் வரைக்கும் போகுமா, சொந்தக்காரர் யாராவது வேட்பாளரின் ஏஜென்ட்டாக வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது. மூன்று கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றுதான்: சாயங்காலம் கணக்கு இடித்தால் அது என் தலையில் விழுமா? அதற்கே பதில் சொல்கிறேன். வேலைப் பட்டியலைப் பயிற்சி வகுப்பில் புத்தகமாகவே கையில் கொடுத்துவிடுவார்கள்.

நான் ஈரோடு மாவட்டத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பி.ஓ.3 (வாக்குச்சாவடி அலுவலர் 3) தொடங்கி பிரிசைடிங் (சாவடியின் தலைமை அலுவலர்) வரை நாலு நாற்காலியிலும் உட்கார்ந்தாயிற்று, கடைசி வருடங்களில் பயிற்சி வகுப்பும் எடுத்தேன். இங்கே சொல்வதெல்லாம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலுக்கு மட்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஊராட்சிப் பகுதியில் ஒரே ஆள் நாலு பதவிக்கு நாலு ஓட்டுப் போடுவார், பெட்டி வேறு, படிவம் வேறு. உங்கள் பள்ளியில் யாராவது பழைய உள்ளாட்சி அனுபவத்தை வைத்து யோசனை சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. 1961ஆம் வருடத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் இருப்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். எந்தத் தாளை எந்த உறையில் போடுவது, எத்தனை மணிக்கொரு தரம் சதவீதம் அனுப்புவது, ஒரு சாவடிக்கு எத்தனை வாக்காளர் என்பதெல்லாம் சுற்றறிக்கையில் வருவது, தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 1,500 பேர் என்றிருந்த உச்சவரம்பை 2025இல் 1,200 ஆக்கியதே உதாரணம். இந்த மாதிரி விஷயத்தில் என் பேச்சும் உங்கள் புத்தகமும் ஒத்துவராவிட்டால் புத்தகத்தையே நம்புங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஓட்டுப்பதிவு முடிந்ததும் உங்கள் மேசையில் இருக்கும், ஓட்டுப்போட வருகிறவர்களை வரிசையாக எழுதுகிற 17-ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணும், ஓட்டு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட்டில் 'டோட்டல்' பொத்தானை அழுத்தினால் வருகிற, பதிவான ஓட்டுகளின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். நாலு பேரின் வேலையும் இந்த இரண்டு எண்ணையும் பிரியவிடாமல் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு போவதற்காகப் பிரித்ததுதான். ஒருவர் செய்ததை அடுத்தவர் பார்த்த பிறகே வாக்காளர் நகர்கிறார்.

முதல் மேசையில் பி.ஓ.1. அவரிடம் குறியீடு செய்வதற்கான வாக்காளர் பட்டியல் இருக்கும். வருகிறவரின் அடையாள ஆவணத்தைப் பார்த்து, பெயரையும் வரிசை எண்ணையும் ஏஜென்ட்டுகள் காதில் விழும்படி உரக்கப் படிப்பார். பூத் சிலிப் மட்டும் கொண்டுவந்தால் அது அடையாள ஆவணம் ஆகாது. நம் பக்கத்துப் பட்டியலில் ஒரே பக்கத்தில் மூன்று பழனிசாமி, இரண்டு சுப்பாத்தாள் இருப்பார்கள். தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் என்பதால் ஒரு வீட்டிலேயே இரண்டு பேர் மாட்டுவார்கள். பெயரை மட்டும் நம்பிக் கோடு போட்டால் மத்தியானம் இன்னொரு பழனிசாமி வந்து நிற்கும்போதுதான் வினை தெரியும். வரிசை எண், கதவு எண், வயது மூன்றையும் பார்க்க வேண்டும். ஆள் சரிதான் என்றால் அவர் பெயர் இருக்கிற கட்டத்தில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு. பெண் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும். பெண்கள் எத்தனை பேர் என்று கேட்கும்போது அந்த வட்டங்களை எண்ணித்தான் சொல்வார்கள். 'இந்த ஆள் அவரில்லை' என்று ஏஜென்ட் ஆட்சேபித்தால் 2 ரூபாய் கட்டிவிட்டு ஆட்சேபிக்க வேண்டும். தொகை இன்றைக்கும் 2 ரூபாய்தான். அதை விசாரிப்பது பிரிசைடிங். நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

இரண்டாவது மேசை உங்களுடையது. நாலு மேசையில் கை ஓயாத மேசை இதுதான். மை வைக்க வேண்டும், 17-ஏ எழுத வேண்டும், கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும், வாக்காளர் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மையை முதலில் வையுங்கள், கையெழுத்தைப் பிறகு வாங்குங்கள். எழுதி முடித்து அவர் மூன்றாவது மேசைக்குப் போவதற்குள் மை காய்ந்துவிடும். இடதுகை ஆள்காட்டி விரலை முதலில் பார்க்க வேண்டும், ஏற்கெனவே மை இருக்கிறதா என்று. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய, மஞ்சள் மண்டியிலிருந்து வருகிறவர்களின் விரல் மஞ்சளாகவே இருக்கும். நகத்தின் மேல்நுனியிலிருந்து முதல் கணுவின் அடிவரை ஒரே கோடு. தோலில் மட்டும் பட்டுவிட்டு நகத்தில் படாவிட்டால் அது நிற்காது. அந்த விரல் இல்லாதவருக்கு இடதுகையில் வேறு விரல், இடதுகையிலேயே விரல் இல்லை என்றால் வலதுகை ஆள்காட்டி விரல். மறுவாக்குப்பதிவு என்றால் இடதுகை நடுவிரல்.

அந்த மைக்குப்பி சின்னது, தட்டினால் கவிழும். கவிழ்ந்தால் உங்கள் சேலையோடு 17-ஏவும் போச்சு. அடி அகலமான டப்பாவில் மணலோ உதிரி மண்ணோ போட்டு, குப்பியை முக்கால் பாகம் அதில் அழுத்தி நிறுத்திக்கொள்ளுங்கள். கையேட்டிலேயே இருக்கிற யோசனைதான், ஆனால் யாரும் செய்வதில்லை. பள்ளிக்கூடத்தில் மண்ணுக்கா பஞ்சம்? அதில் இருப்பது வெள்ளி நைட்ரேட், வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும், வைத்தவுடனே 'சரியாகப் பிடிக்கலையே' என்று மேலே மேலே தீட்ட வேண்டாம். நம் திம்பம் மலைக்கு அந்தப் பக்கம், மைசூரில் இருக்கிற கர்நாடக அரசு பெயின்ட் கம்பெனி 1962 தேர்தலிலிருந்து இதைச் செய்து தருகிறது.

17-ஏவில் எழுதுவது அதிகமில்லை. பதிவேட்டின் வரிசை எண், பட்டியலில் அவருடைய எண், காட்டிய ஆவணம், கையெழுத்து, கடைசியில் குறிப்பு. வாக்காளர் அட்டை காட்டியிருந்தால் 'இ.பி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்து போதும். வேறு ஆவணம் என்றால் அதன் பெயரும் கடைசி நாலு இலக்கமும். கையெழுத்து இல்லாமல் ஒருவரையும் மூன்றாவது மேசைக்கு விடாதீர்கள். கூட்டம் நெரிக்கும்போது 'போட்டுட்டு வந்து கையெழுத்துப் போடறேனுங்க' என்பார்கள், திரும்பி வரமாட்டார்கள். ஒரு எண்ணைத் தாண்டி எழுதிவிட்டால் அழித்துத் திருத்த வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்து, பிரிசைடிங்கிடம் காட்டி, குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், நான் வகுப்பில் தொண்டை வற்றச் சொல்கிற ஒன்று: மணிக்கொரு தரம் பிரிசைடிங்கைக் கூப்பிட்டு 'டோட்டல்' அழுத்தச் சொல்லி உங்கள் கடைசி எண்ணோடு ஒத்துப் பாருங்கள். உள்ளே இருப்பவர் ஓட்டுப்போட்டு முடிக்கிற வரை எரிகிற பிஸி விளக்கு எரியாதபோது எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம், ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. பத்து மணிக்கு ஒன்று இடித்தால் கடைசியாக வந்துபோன ஐம்பது அறுபது பேருக்குள் தேடினால் போதும். ஆறு மணிக்கு இடித்தால் எங்கே போய்த் தேடுவீர்கள்?

பி.ஓ.3 கையில் கன்ட்ரோல் யூனிட். நீங்கள் கொடுத்த சீட்டை வாங்கி, விரலில் மை இருக்கிறதா என்று பார்த்து, சீட்டு வரிசைப்படிதான் ஒரு ஓட்டுக்கு வழிவிடும் 'பேலட்' பொத்தானை அழுத்துவார். உள்ளே வாக்காளர் பொத்தானை அழுத்தினால் போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட்டில் ஏழு விநாடி சீட்டு தெரியும், பிறகு நீளமான பீப் சத்தம். அந்தச் சத்தம் வருகிற வரை பி.ஓ.3 அவரை வெளியே விடக்கூடாது. வயதான ஆத்தா ஒருத்தர் பொத்தானை லேசாகத் தொட்டுவிட்டு 'அமுக்கிப்போட்டனுங்க' என்று வெளியே வந்துவிடுவார், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அவரைத் திருப்பி அனுப்பி நன்றாக அழுத்தச் சொல்லலாம். ஆனால் காட்டித் தருகிறேன் என்று யாரும் கூடவே மறைப்புக்குள் போகக்கூடாது. மாதிரி அட்டை இருக்கும், அதை வெளியே வைத்துத்தான் விளக்க வேண்டும். கண் தெரியாதவர், தானே அழுத்த முடியாதவர் என்றால் 18 வயது நிறைந்த ஒரு துணையாள் வரலாம். அந்தத் துணையாள் அன்றைக்கு இன்னொருவருக்குத் துணை போக முடியாது.

பிரிசைடிங் வேலையைச் சொல்லப் போனால் நீளும். உங்களுக்குத் தெரிய வேண்டியது விடிகாலையில் நடப்பது. ஏழு மணி ஓட்டுப்பதிவுக்கு ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 ஓட்டு. ஏஜென்ட்டுகள் முன்னால் எண்ணிக் காட்டிவிட்டு, குளோஸ், ரிசல்ட், கிளியர் என்ற வரிசையில் அழுத்தி இயந்திரத்தைச் சுத்தமாக்கி, விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் பச்சைத் தாள் முத்திரை. இந்த 'கிளியர்' மறந்துபோவது நாலு பேரும் பயப்பட வேண்டிய ஒரே தப்பு. சாயங்காலம் உங்கள் 17-ஏவைவிட இயந்திரத்தில் 50 அதிகமாக நிற்கும். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 13 சாவடிகளுக்கு மே 19 அன்று மறுவாக்குப்பதிவு வந்தது, அதில் ஒன்று நம் காங்கேயம் தொகுதியில். மாதிரி ஓட்டை அழிக்காமல் விட்டது அப்போது பெரிதாகப் பேசப்பட்ட சங்கதி. உங்கள் மேசை வேலை ஏழு மணிக்குத்தான் தொடங்கும் என்று அந்த நேரத்தில் மை டப்பா தேடிக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்தில் நின்று, முத்திரை வைப்பதற்கு முன் 'டோட்டல்' பூஜ்யம் காட்டுகிறதா என்று நீங்களும் பாருங்கள். ஏஜென்ட்டுகளுக்கும் அதைக் காட்டியாக வேண்டும், அதனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

இனி, கணக்கு நியாயமாகவே இடிக்கிற இடங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு 'எனக்கு ஓட்டே வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் கட்டாயப்படுத்தக் கூடாது. குறிப்பில் அப்படியே எழுதி, அவர் கையெழுத்தும் பிரிசைடிங் கையெழுத்தும் வாங்க வேண்டும். பி.ஓ.3 அதற்குள் 'பேலட்' அழுத்தியிருந்தால் அடுத்தவரை நேராக உள்ளே அனுப்பிவிடலாம். ரகசியத்தை மீறியதற்காக பிரிசைடிங் ஒருவரை ஓட்டுப்போட விடாமல் நிறுத்தினாலும் குறிப்பு வேண்டும். இந்த இரண்டு வகையிலும் 17-ஏ கூடுதலாக, இயந்திரம் குறைவாக நிற்கும். பதிவான ஓட்டுகளின் கணக்கை எழுதும் 17-சி படிவத்தில் அதைக் கழித்துக் காட்டவே தனித்தனி வரிகள் இருக்கின்றன. 'நான் அழுத்தியது ஒன்று, சீட்டில் வந்தது வேறு' என்று ஒருவர் சொன்னால், எழுத்தில் உறுதிமொழி வாங்கி, பொய் என்றால் என்ன ஆகும் என்று எச்சரித்துவிட்டு, ஏஜென்ட்டுகள் முன்னால் ஒரு சோதனை ஓட்டுப் போட வைப்பார்கள். அதற்கு 17-ஏவில் அதே ஆளுக்கு இரண்டாவது தடவை பதிய வேண்டும், மறக்காதீர்கள். அவர் சொன்னது பொய் என்றால் அந்த ஓட்டு யாருக்கு விழுந்தது என்பதைக் குறித்துவைத்துக் கழிப்பார்கள். உண்மை என்றால் வாக்குப்பதிவையே நிறுத்திவிட்டு மேலே சொல்ல வேண்டியதுதான்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது 'டெண்டர் ஓட்டில்'. ஒருவர் வருகிறார், அவர் பெயரில் ஏற்கெனவே கோடு விழுந்திருக்கிறது, விரலில் மை இல்லை. விசாரித்ததில் ஆள் உண்மையானவர்தான் என்று பிரிசைடிங்குக்குத் திருப்தி ஆனால், அவருக்குத் தாள் வாக்குச்சீட்டு கொடுப்பார். அது இயந்திரத்தில் சேராது. அதனால் அவரை 17-ஏவில் எழுதவே கூடாது. 17-பி என்று தனிப் படிவம் இருக்கிறது, கையெழுத்து அதில்தான். பழக்க தோஷத்தில் 17-ஏவில் ஏற்றிவிட்டால் ஒன்று இடிக்கும்.

வேட்பாளர் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள், விவசாயிகளின் எதிர்ப்பைக் காட்ட. வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாகித் தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. டெபாசிட் தொகையை அந்த வருடமே உயர்த்தினார்கள். 2023 பிப்ரவரி 27 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர். வாக்காளர் அழுத்தும் பொத்தான்கள் இருக்கிற ஒரு பேலட் யூனிட்டில் நோட்டாவோடு சேர்த்து 16 வரிசைதான், ஆக ஐந்து யூனிட் தேவைப்பட்டது. அத்தனை யூனிட் இருந்தால் பெரியவர்கள் சின்னம் தேடவே நேரம் ஆகும், உள்ளே ஒருவர் இருக்கும்போதே உங்கள் மேசையில் ஆட்கள் குவிவார்கள். அப்போது வேகமாக எழுதிச் சீட்டுக் கொடுத்துப் பயனில்லை. கையில் சீட்டோடு பூத்துக்குள் ஐந்தாறு பேர் நின்றால் வரிசை கலைந்துவிடும், நீங்களும் மெதுவாகவே எழுதுங்கள்.

ஜெயில் கேள்விக்கு வருகிறேன். 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 134ஆம் பிரிவு, நியாயமான காரணம் இல்லாமல் கடமை தவறினால் 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஓட்டு ரகசியத்தை வெளியே சொன்னால் 128ஆம் பிரிவு, மூன்று மாதம் வரை சிறை. ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக வேலை செய்தால் 129ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை. ஆவணத்தையோ இயந்திரத்தையோ வேண்டுமென்றே கெடுத்தால் 136ஆம் பிரிவு, பணியில் இருக்கிற அலுவலருக்கு இரண்டு வருடம் வரை. ஜெயில் என்று வருகிற இடமெல்லாம் வேண்டுமென்றே செய்தது என்பதைக் கவனியுங்கள். கை தவறி எழுதியதை அப்போதே சொல்லி, பிரிசைடிங் நாட்குறிப்பில் ஏற்றிவிட்டால் இதில் எதுவும் உங்களைத் தொடாது. மறைத்தால்தான் சிக்கல். ஆனால் துறை நடவடிக்கை வேறு கணக்கு. தேர்தல் பணியில் இருக்கிற வரை நீங்கள் ஆணையத்துக்கு அயல்பணியில் இருப்பதாகத்தான் 28-ஏ பிரிவு சொல்கிறது, ஒழுங்கு நடவடிக்கையும் அவர்கள் கையில். உங்கள் மேல் உண்மையிலேயே ஏதாவது குறிப்பாணை வந்துவிட்டால் அதற்கு நான் எழுதுவது போதாது, சர்வீஸ் வழக்குப் பார்க்கிற வக்கீலைப் பாருங்கள்.

சொந்தக்காரர் விஷயம். பொதுவாகச் சொந்தத் தொகுதியிலும் வேலை பார்க்கிற தொகுதியிலும் போடமாட்டார்கள், எந்த பூத் என்பதும் கடைசி நேரத்தில்தான் தெரியும். ஆனாலும் நம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மாமனோ மச்சானோ வந்து நிற்பார்கள். ஏஜென்ட்டாக உட்கார்ந்திருப்பவர் உறவு என்றால் போனவுடனே பிரிசைடிங்கிடம் சொல்லிவிடுங்கள், தேவை என்றால் அவர் சில சாவடிகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற மண்டல அலுவலரிடம் பேசுவார். பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், முறை சொல்லிக் கூப்பிடுவதையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். இதைவிடப் பெரிய சங்கடம் சாப்பாடு. முந்தைய நாள் சாயங்காலமே பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவீர்கள். ஊர்க்காரர்கள் 'வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்காம எப்படிங்க' என்று தூக்கு வாளியோடு வந்துவிடுவார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் கொண்டுவருபவர் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியாது, அடுத்த கட்சி ஏஜென்ட்டுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது கிராம உதவியாளர் மூலம் ஏற்பாடு செய்யுங்கள். மதியத்துக்கு ஓட்டுப்பதிவை நிறுத்திச் சாப்பிட இடைவேளை கிடையாது. கூட்டம் குறைகிற நேரம் பார்த்து ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிட வேண்டும். உங்கள் நாற்காலியில் பிரிசைடிங்கை உட்காரவைத்துவிட்டுப் போங்கள், ஏஜென்ட்டிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

முடிகிற நேரத்தில் வரிசையில் ஆள் நின்றால், கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னால் வரும்படி பிரிசைடிங் கையெழுத்திட்ட சீட்டுகளைக் கொடுப்பார்கள். வாலிலிருந்து கொடுத்தால்தான் நேரம் தாண்டி யாரும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள முடியாது. கடைசி ஆள் போட்ட பிறகு குளோஸ். 17-ஏவில் கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்டு, கடைசி எண் இன்னது என்று எழுதி, பிரிசைடிங்கிடமும் ஏஜென்ட்டுகளிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 17-சி நகல் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் போக வேண்டும். எழுத்து நன்றாக இருக்கிறது என்று டீச்சர் தலையில்தான் அதைக் கட்டுவார்கள், எதிர்பார்த்தே போங்கள். நம் மாநிலத்தில் பெரும்பாலும் மண்டல அலுவலரின் வண்டி பூத்துக்கே வந்து பெட்டிகளை எடுத்துக்கொள்ளும். ராசிபுரம் பக்கம் போதமலை மாதிரி இடத்துக்கு இயந்திரத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்த தேர்தல்கள் பல. அவர்களோடு பார்த்தால் நம்முடையது சுகம். ஆனால் அந்த வண்டி வர நடுச்சாமமும் ஆகலாம். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் பிரிசைடிங்கை விட்டு நகராதீர்கள். அந்த நேரத்துக்குக் கிராமத்திலிருந்து பஸ் இருக்காது, வீட்டுக்காரரையோ தம்பியையோ வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவைத்துவிடுங்கள். பூத்தின் நூறு மீட்டருக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள்.